மூன்று பல்பு வழியாக வந்த கோலாட்டம்

10.3.1992, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டேன். அதனால் வகுப்பில் இருந்த எல்லோரும் தும்மினோம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் பிறகு படிக்கும்போது எனக்கே புரியாது.

அப்பா எடை போடுகிற மிளகாய் கமிஷன் கடைக்கு இன்று திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு லோடு வந்தது. மூட்டைகளுக்கு நடுவில், சாக்கு சுற்றித் தைத்த ஒரு பழைய வால்வு டிவி. கொண்டுவந்தவர் சின்னச்சாமி என்ற சம்சாரி; எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம். கூடவே அவர் மனைவி ராக்கம்மாள். அப்பா எப்போதோ தராசுக்குப் பக்கத்தில் நின்று, "எங்க ஜெப ஷீலா சாயங்காலம் டிவி ரிப்பேர் படிக்கிறா" என்று அவர்களிடம் பெருமையடித்திருக்கிறார். நான் படிக்கச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது என்பதையும், பகலெல்லாம் தறிக் கொட்டகையில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிவிட்டு வந்து பாதி வகுப்பில் கொட்டாவி விடுகிறேன் என்பதையும் சொல்லவில்லை.

சாயங்காலம் கைவண்டியில் டிவியை வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் சார் மகள் கல்யாணத்துக்காக இந்த வாரம் முழுக்க லீவு. சாவி என்னிடம். சார் இல்லையென்றால் நாலைந்து பேர்தான் வருகிறோம். அதில் தவறாமல் வருகிறவர் நாகராஜ் அண்ணன். நூல் மில்லில் வேலை, வயது இருபத்தைந்து இருக்கும். எதையும் முதலில் பிளக்கில் சொருகிப் பார்ப்போம் என்பதுதான் அவருடைய முறை.

சாக்கைப் பிரித்ததும் பெட்டி அழகாக இருந்தது. தேக்கு மரம், இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு. பின்பக்க அட்டையைக் கழற்றினேன். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் சாம்பல் நிறம். தூசி என்று நினைத்தேன். நாகராஜ் அண்ணனின் சைக்கிள் பம்ப்பை வாங்கி, வாயை உள்ளே விட்டு ஒரே அழுத்து.

அறை முழுக்கப் புகை. அந்தப் புகையோடு மிளகாய் நெடி. நான் தும்மினேன், நாகராஜ் அண்ணன் தும்மினார், வாசலில் நின்ற கைவண்டிக்காரர் தும்மினார். கண்ணீர் வழிய அப்போதுதான் கேட்டேன்: "அக்கா, இதை எப்படி வச்சிருந்தீங்க?"

"துவரையை எப்படி வைப்போமோ அப்படித்தான் தாயி" என்றார் ராக்கம்மாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாலும் குரலில் பெருமைதான். "வேப்பிலையைக் காய வச்சு நொறுக்கி, அடுப்புச் சாம்பலைச் சலிச்சு, ரெண்டையும் கலந்து பின்னாடி இருக்குற ஓட்டை வழியா போட்டேன். ரெண்டு படி பிடிச்சுச்சு. விதைத் துவரைக்குன்னா செம்மண்ணும் கட்டுவோம். இதுக்கு மண்ணு வேண்டாம்னு அவுகதான் சொல்லிட்டாக."

"நான் எங்க சொன்னேன்?" என்றார் சின்னச்சாமி. "நான் சந்தைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள சாக்குத் தைச்சு முடிச்சிட்ட. மண்ணும் கட்டியிருந்தா பெட்டியை எவன் தூக்குறதுன்னுதான் கேட்டேன்."

"எட்டு வருசம் மிளகா மூடைக்குள்ள கிடந்துச்சு. ஒரு பூச்சி ஏறலை. ஒரு எலி கடிக்கலை. பாத்துக்கோ."

"முளைக்கப் போட்டா முளைச்சிரும்க்கா" என்றார் நாகராஜ் அண்ணன்.

பூச்சி, எலியைப் பொறுத்தவரை ராக்கம்மாள் சொன்னது சரி. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு வயரில்கூடப் பல் படவில்லை.

ஏன் இப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர்கள் வாங்கிய காலத்தில் எங்கள் பக்கம் சிலோன் டிவிதான் தெரியும். ஒரு ஆடிக் காற்றில் ஆன்டெனா விழுந்தது, அதோடு மூட்டை கட்டிவிட்டார்கள். இப்போது அவர்கள் மகள் கனகலட்சுமி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக் கோலாட்டக் கோஷ்டியை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டிவியில் வருகிறது.

"ஊர்ல டிவி இல்லையா?"

"வெள்ளத்துரை வீட்டுல கலர் டிவியே இருக்கு. நமக்குப் பங்காளிதான்" என்றார் சின்னச்சாமி.

"அந்த வீட்டு நடையை நான் மிதிக்க மாட்டேன்" என்றார் ராக்கம்மாள்.

காரணத்தையும் அவரே சொன்னார். பொங்கலன்று அந்த வீட்டில் ஊரே உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறது. நடுவில் வெள்ளத்துரையின் மனைவி முத்துத்தாய், "அக்கா, உங்க கொண்டை மறைக்குது. அவுத்துப் போட்டுட்டு உக்காருங்க, இல்லாட்டி பின்னால போங்க" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ராக்கம்மாள் எழுந்து வந்தவர்தான்.

"என் மக ஆடுறதை என் வீட்டுல உக்காந்து பாக்கணும் தாயி. கொண்டையோட."

சின்னச்சாமி சிரித்தார். ராக்கம்மாள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது. "பாக்குறேன்க்கா" என்றேன். அவர் அதை "ஆகட்டும்" என்று எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

12.3.1992, வியாழன்

நேற்றும் இன்றும் துப்புரவு மட்டும்தான். நாகராஜ் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரே ஒரு தடவை சொருகிப் பாத்துருவோம் தங்கச்சி. தெரிஞ்சா தெரியுது, தெரியாட்டி ரிப்பேரு."

"தெரியாமலே கருகிப் போச்சுன்னா?"

"அப்பவும் ரிப்பேருதான்."

மாட்டேன் என்றேன். சார் இல்லாதபோது இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேனே, உண்மையிலேயே தெரிந்துதான் பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகம். ஆனால் ஒன்று நிச்சயம். சாம்பல் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரச் சாம்பல் வழியாகக் கரண்டு தாவும். பிக்சர் டியூப்புக்குப் போகிற பாகத்தில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். அங்கே ஒரு விரல்கடை சாம்பல் கிடந்தாலும் பொறி பறக்கும்.

எட்டு வருஷம் கிடந்த பெட்டியில் மின்சாரம் மிச்சமிருக்காது என்று தெரியும். இருந்தாலும் கை வைப்பதற்கு முன்னால் பிக்சர் டியூப்பின் பக்கவாட்டு முனையை, வயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு உள் தகட்டோடு இணைத்தேன். இடது கை முதுகுக்குப் பின்னால்; இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். நாகராஜ் அண்ணன், "பள்ளிக்கூடத்துல அடி வாங்குறவ மாதிரி நிக்கிற" என்றார். சத்தம் ஒன்றும் வரவில்லை. வராததே நல்லது.

பெயிண்ட் அடிக்கிற பிரஷ், பழைய பருத்தித் துணி, ஸ்பிரிட். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த இடம் என்று படம் வரைந்துகொண்டு, கம்பிக் கால்களைத் துடைத்து மறுபடியும் போட்டேன். இரண்டை இடம் மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்து திரும்பக் கழற்றினேன். சரியாகத்தான் போட்டிருந்தேன். அதில் அரை மணி நேரம் போனது. வேப்பிலைத் தூள் மட்டும் ஒரு தினசரித் தாள் நிறைய வந்தது.

துடைத்த பிறகுதான் முக்கியமானது கண்ணில் பட்டது. கரண்டைத் தேக்கி வைத்துக் கொடுக்கிற பெரிய கண்டன்சர் ஒன்றின் அடியில் உப்பு பூத்த மாதிரி வெள்ளையாகக் கசிந்திருந்தது. சொருகியிருந்தால் அது வெடித்திருக்கும். நாகராஜ் அண்ணனிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, நீ துடை" என்று சொல்லி டீ வாங்கப் போனார்.

அந்தக் கண்டன்சர் இங்கே அருப்புக்கோட்டை ரேடியோ கடையிலேயே கிடைத்தது. மாற்றிவிட்டேன். பக்கத்தில் இன்னொன்று, ஒரே டப்பாவில் இரண்டு கண்டன்சர் இருக்கிற பழைய ரகம். பார்வைக்கு நன்றாக இருக்கிறது. பார்வையை நம்பக்கூடாது. அந்த ரகம் கடையில் இல்லை. மதுரையிலிருந்து திங்கட்கிழமை வரும் என்றார் கடைக்காரர்.

ராக்கம்மாளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

13.3.1992, வெள்ளி

இன்று கரண்டு கொடுத்தேன். நேராக இல்லை.

ஒரு பலகையில் மூன்று பல்பு ஹோல்டர் அடித்து வயர் கட்டியிருக்கிறேன். டிவிக்குப் போகிற கரண்டு முதலில் இந்தப் பல்பு வழியாகப் போக வேண்டும். உள்ளே எங்காவது வயர் முட்டி ஷார்ட் ஆனால் டிவி கருகாது, பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு மங்கலாக நிற்கும். முதலில் அறுபது வாட் பல்பு ஒன்று மட்டும் போட்டேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். ஸ்விட்சைப் போடும்போது நானும் தள்ளித்தான் நின்றேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு மெல்ல மங்கியது. வால்வுகளுக்குள் இழைகள் லேசாகச் சிவந்தன. "உசிரு வந்துருச்சு!" என்று நாகராஜ் அண்ணன் கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் பல்பு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமானது. நிறுத்தினேன்.

அந்தப் பழைய கண்டன்சர்தான். பல வருஷம் சும்மா கிடந்ததால் உள்ளுக்குள் கரண்டைக் கசியவிடுகிறது. இப்படிப்பட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். சில நிமிஷம் குறைந்த கரண்டு, பிறகு ஓய்வு, மறுபடி சில நிமிஷம். அப்படியே செய்தேன். ஒவ்வொரு தடவையும் பல்பு கொஞ்சம் கூடுதல் நேரம் மங்கலாகவே நின்றது. கடைசியில் பிரகாசமாகவே இல்லை. அதன் பிறகு அறுபதை எடுத்துவிட்டு இருநூறு வாட் பல்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டினேன்; பல்பு கூடக் கூட டிவிக்குப் போகிற கரண்டும் கூடும். மூன்றாவதைப் போட்டதும் ஸ்பீக்கர் "கொர்" என்றது. திரையில் வெளிச்சம் பரவியது. ஆன்டெனா இல்லாததால் வெறும் புள்ளிகள். வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். புள்ளிகளுக்கு யாராவது கைதட்டுவார்களா? நானும் தட்டினேன்.

எல்லாவற்றையும் பிடுங்கி, மிச்சக் கரண்டை இறக்கிய பிறகு பழைய கண்டன்சரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது. மூன்று பல்பு காவல் இருக்கும்போதே இந்தச் சூடு என்றால், நேராகக் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று தெரியாது. அதனால் ஒன்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை வருகிற புதுக் கண்டன்சரைப் போடும்வரை பல்புப் பலகை இல்லாமல் இந்த டிவி ஓடக்கூடாது. பின் அட்டையில் சாக்பீஸால் எழுதியும் வைத்தேன்.

"பல்புக்கும் டிவிக்கும் கல்யாணமே பண்ணி வச்சுட்டியா?" என்றார் நாகராஜ் அண்ணன்.

"திங்கக்கிழமை வரைக்கும்தான்" என்றேன்.

15.3.1992, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அப்பா, நாகராஜ் அண்ணன், நான், டிவி, பல்புப் பலகை எல்லோரும் மிளகாய் இறக்கிவிட்டுத் திரும்புகிற காலி வேனில் போனோம். டிவியை என் மடிமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். திருச்சுழி தாண்டி மண்ரோட்டில் திரும்பியதும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வால்வு உடைந்ததாகவே நினைத்தேன். ஒன்றும் உடையவில்லை.

ஆன்டெனா எங்கே என்று கேட்டால் சின்னச்சாமி கோழிக்கூண்டைக் காட்டினார். கூண்டின் கூரையே அதுதான். அலுமினியக் கம்பிகளுக்கு மேல் தென்னங்கீற்று போட்டிருந்தார்கள். பிரித்து எடுத்தபோது கோழிகள் ஊரைக் கூட்டின. கூட்டம் உண்மையிலேயே கூடியும் விட்டது. அப்பாவும் சின்னச்சாமியும் மாடியில் ஏறி, இரும்புக் குழாயில் அதைக் கட்டி, பழக்கத்தில் தென்கிழக்கே சிலோன் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

"அண்ணாச்சி, இப்ப படம் வாரது கொடைக்கானல் டவர்லருந்து! வடமேற்கே திருப்புங்க!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

ராக்கம்மாள் டிவிக்குச் சந்தனம் குங்குமம் வைக்க ஈரத் துணியோடு வந்தார். தடுத்தேன். சந்தனத்தை முன்பக்க மரக்கதவில் மட்டும் வைக்கலாம், ஈரத் துணி ஆகவே ஆகாது, ஓடும்போது யாரும் பின்பக்கம் வரக்கூடாது என்றேன். "கோயில் கர்ப்பகிரகம் மாதிரியில்ல சொல்லுற" என்றவர், பின்பக்கத்தை அடைத்து ஒரு கட்டிலைக் குறுக்கே போட்டுவிட்டார்.

இரண்டு மணிக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பல்பும் மங்கலாக எரிய, திரையின் நடுவில், கல்யாணப் பத்திரிகை அளவுக்கு ஒரு படம் வந்தது. சுற்றிலும் கறுப்பு.

"இம்புட்டுதானா தெரியும்?" என்றார் ராக்கம்மாள்.

"பல்பு பாதிக் கரண்டைப் பிடிச்சு வச்சிருக்குக்கா. நாளைக்குப் புதுசு போட்ட பிறகு முழுசாத் தெரியும்."

"போதும் போதும். என் மக என்ன ஆனையா?"

கனகலட்சுமி உள்ளேயிருந்து, "அம்மா!" என்றாள். வெட்கத்தில் அவள் அறையை விட்டே வரவில்லை. ஓடவிட்டு நிறுத்தி, சூடு பார்த்து, ஐந்து மணிக்குத் திரும்பப் போடலாம் என்று அணைத்தேன்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்று இருந்தது. நான் டவுனில் இருப்பவள். கிராமத்தில் நாலரை மணிக்கு மூன்று பேஸ் கரண்டு வரும், வந்தால் கிணற்று மோட்டார்கள் ஓடி வோல்டேஜை இழுத்துவிடும் என்று தோன்றவில்லை. ஐந்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். வால்வுகள் சிவந்தன. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. படம் வரவில்லை. திரையின் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு நெளிந்தது, அதுவும் போனது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் படுத்துக் கிடந்தது.

சின்னச்சாமி ஓடிப்போய்த் தன் மோட்டாரை நிறுத்தினார். கோடு திரும்ப வந்தது, அவ்வளவுதான்.

அறைக்குள் பதினைந்து இருபது பேர். முன்வரிசை முழுக்கச் சின்னப் பிள்ளைகள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாகராஜ் அண்ணன் என் காதருகில் வந்தார்.

"பலகையைக் கழத்திட்டு நேரா குடுத்துரு. அரை மணி நேரம்தான?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ராக்கம்மாளுக்குக் கேட்டுவிட்டது.

"பல்பைக் கழத்துனா படம் வருமா தாயி?"

வராது என்று சொல்லியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் வரும்.

"வரும்க்கா. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. உள்ள ஒரு பழைய கண்டன்சர் இருக்கு. அது தாங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். பிள்ளைக எல்லாம் முன்னாடி உக்காந்திருக்காக. நான் கழத்த மாட்டேன்."

அவருடைய டிவி, அவருடைய மகள், அவருடைய வீடு. மாட்டேன் என்று சொல்ல நான் யார் என்று தோன்றியது. ராக்கம்மாள் முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"வேற என்ன செஞ்சா வரும்?"

"வோல்டேஜ் ஏறணும்."

"வேற யாரு மோட்டாரு ஓடுது?" என்று கணவரைக் கேட்டார்.

சின்னச்சாமி தலையைச் சொறிந்தார். "வெள்ளத்துரை மோட்டாருதான். ஏழரை எச்.பி. அதை நிறுத்துனா எல்லாம் சரியாப் போகும்."

ராக்கம்மாள் கண்ணை மூடித் திறந்தார். பிறகு என் கையைப் பிடித்தார். "வா தாயி. நீ வந்து அந்த வோல்டேஜு கதையைச் சொல்லு. நான் சொன்னா சண்டைன்னு நினைப்பாக."

வரப்பில் அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. வெள்ளத்துரை பருத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கையில் மண்வெட்டி, முழங்கால்வரை சேறு. எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியாது. பல்பு, கண்டன்சர், கொடைக்கானல் எல்லாம் கலந்து வந்துவிட்டது.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ராக்கம்மாளைப் பார்த்தார். "இதுக்கு ஏன் மதினி இம்புட்டுப் பாடு? நம்ம வீட்டுல போய் உக்காந்தா கலர்ல பாக்கலாம். ஸ்டெபிலைசரு இருக்கு, மோட்டாரு ஓடுனாலும் ஒண்ணும் ஆகாது."

"கலர்ல காட்டுனாத்தான் பெத்த பிள்ளையை அடையாளம் தெரியுமாக்கும்?"

"கரண்டு ஆறரை மணிக்குப் போயிரும். பாதிப் பாத்திதான் பாஞ்சிருக்கு. மோட்டாரை நிறுத்தச் சொல்லுறீகளே, நியாயமா?"

ராக்கம்மாள் பருத்தியைப் பார்த்தார். அவரும் சம்சாரிதான். மார்ச் மாத வெயிலில் அந்தத் தண்ணீர் என்ன மதிப்பு என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நியாயமில்லைதான் கொழுந்தனாரே" என்றார். "நிறுத்த முடியாதுன்னா சொல்லிருங்க. உங்க வீட்டுக்கே போறேன். போயி முத்துத்தாயிக்கு முன்னால உக்காந்து, கொண்டையை இன்னும் ரெண்டு சுத்து பெருசா முடிஞ்சுக்கிடுறேன்."

வெள்ளத்துரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆத்தாடி! அந்தச் சண்டையை எந்த மோட்டாரு வச்சு அணைக்கிறது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அரை மணி நேரம் முழுக்க நிறுத்த முடியாது மதினி. உங்க மக ஆட்டம் வரும்போது மட்டும் நிறுத்துறேன். எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மோட்டார் ஓடும்போது படம்தான் வரவில்லை, சத்தம் வருகிறது. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்வது கேட்கும். கேட்டதும் மாடியில் இருக்கிறவர் துண்டை வீசினால் கிணற்றடியில் தெரியும். வால்வுகள் அதற்குள் சூடேறித் தயாராக இருக்கும்.

"படிச்ச பிள்ளை" என்றார் வெள்ளத்துரை. ராக்கம்மாள் அதற்குள் திரும்பிப் பாதி தூரம் போயிருந்தார்.

ஐந்தரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. வெறும் கோடு நெளிகிற திரையின் முன்னால் அத்தனை பேரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் பாட்டு. பிறகு ஒரு நாடகம், அது முடிவதாகவே இல்லை. நான் ஸ்விட்சில் கை வைத்தபடி, கட்டிலுக்கு மேலாக எட்டிப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அறிவிப்பாளரின் குரல் ஈனமாக ஒரு பெயரைச் சொன்னது.

"எங்க ஸ்கூலு!" கனகலட்சுமி அறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள்.

"துண்டு! துண்டு!" என்று எல்லோரும் கத்தினார்கள். மாடியில் சின்னச்சாமி துண்டை வீசினார். அப்பா குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வீசியாச்சு! வீசியாச்சு!" என்று மேலேயிருந்து கூவினார். தூரத்தில் மோட்டார் சத்தம் நின்றது.

நெளிந்துகொண்டிருந்த கோடு பிரிந்தது. கோடு பட்டையானது, பட்டை அகன்று கட்டமானது. கட்டத்துக்குள் பன்னிரண்டு பெண்கள் கோலைத் தட்டிக்கொண்டு சுற்றினார்கள். மத்தியானம் பார்த்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

"இந்தா! இந்தா நிக்கிறா என் மக!" ராக்கம்மாள் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார்.

"அம்மா, அது பேச்சி. நான் இங்குட்டு."

"எங்குட்டு?"

"இங்குட்டு, ஓரத்துல. அம்மா, விரலை எடு, மறைக்குது!"

ராக்கம்மாள் விரலை எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை அந்த ஓரத்தையே பார்த்தார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கோலாட்டத்துக்குத் தரையில் தாளம் போட்டன. நாகராஜ் அண்ணன்கூடப் போட்டார்.

ஆட்டம் முடிந்ததும் துண்டு வீசச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். பிறகுதான் வெள்ளத்துரை நினைவு வந்து வீசச் சொன்னேன். மோட்டார் ஓடத் தொடங்கியதும் திரை சுருங்கி இருண்டது. நான் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்த நேரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. முத்துத்தாய் என்று சொல்லாமலே தெரிந்தது.

"அக்கா, எங்க வீட்டுல பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. கனகு பச்சைப் பாவாடை, மஞ்சத் தாவணி. உங்களுக்குக் கலரு தெரிஞ்சிருக்காதேன்னு சொல்ல வந்தேன்."

"தைச்சவளே நான். எனக்குக் கலரு தெரியாதா?" என்றார் ராக்கம்மாள். எல்லோரும் சிரித்தோம். முத்துத்தாயும் சிரித்தார். "எங்க மோட்டாரை நிறுத்திப் பாத்துட்டுப் பேச்சைப் பாரு" என்றார். ராக்கம்மாள் நகர்ந்து பாயில் இடம் விட்டார். "உள்ள வந்து உக்காரு. காப்பி போடுறேன். பருத்திக்காரருக்கும் ஒரு தூக்குல குடுத்து விடணும்."

அவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நான் மிச்சக் கரண்டை இறக்கிவிட்டுப் பழைய கண்டன்சரைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையைவிட அதிகச் சூடு. விரலை வைத்திருக்க முடியவில்லை. நாகராஜ் அண்ணனையும் தொடச் சொன்னேன். தொட்டுவிட்டு விரலை ஊதிக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரும்வரை என்னைக் கேலி செய்யவில்லை.

பல்புப் பலகையை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். அது இல்லாமல் டிவியைப் போடுவதில்லை என்று ராக்கம்மாள் சொல்லியிருக்கிறார். கனகலட்சுமியிடமும் தனியாகச் சொல்லி வந்தேன். இரண்டு பேரிடம் சொன்னது போதுமா என்று இப்போதும் யோசனையாக இருக்கிறது.

நாளை திங்கள்: தறிக் கொட்டகையிலிருந்து நேராக ரேடியோ கடைக்குப் போய் மதுரையிலிருந்து கண்டன்சர் வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். வகுப்புக்கு வேறு பல்புப் பலகை செய்ய வேண்டும். அதற்கு ஒரு பலகை, மூன்று ஹோல்டர், கொஞ்சம் வயர் வாங்க வேண்டும்.